புருன்ஹில்டா: மகன், பேரன், கொள்ளுப்பேரன் பெயரில் ஆண்ட பிராங்கிய அரசி

கேள்வி இது: ஆறாம் நூற்றாண்டு பிராங்கிய அரசி புருன்ஹில்டா நிஜமாகவே நாட்டை ஆண்டாரா, அல்லது அக்காவின் சாவுக்குக் காரணமான ஓரகத்தியோடு முப்பது வருடம் பகை வளர்த்ததுதான் அவர் செய்ததெல்லாமா?

ஆண்டார். 575-இல் கணவர் கொல்லப்பட்டதிலிருந்து 613-இல் தானும் கொல்லப்படும்வரை முப்பத்தெட்டு வருடங்கள், நடுவே துரத்தப்பட்டும் ஓரங்கட்டப்பட்டும், அரசியலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு ராணிகளின் சண்டை என்ற கதை பொய் இல்லை. ஆனால் அதையே பிடித்துக்கொண்டு போனால் விஷயம் கை நழுவிவிடும். பிராங்கியர்களிடம் அரசி என்பது ஒரு பதவியே இல்லை. அரசனின் மனைவி, அவ்வளவுதான். கணவன் செத்தால் பெரும்பாலும் ஒரு கன்னியர் மடத்தின் கதவு திறந்திருக்கும். படைக்கு முன்னால் நிற்கும் உரிமையோ, தன் பெயரில் சட்டம் போடும் உரிமையோ பெண்ணுக்குக் கிடையாது. அவளுக்கு அதிகாரம் வர ஒரே வழி, அரச ரத்தமுள்ள ஒரு சின்னப் பையன். பையன் யார் கையில் இருக்கிறானோ அவர் கையில் ராஜ்யம். புருன்ஹில்டாவின் வாழ்க்கையை இந்தக் கண்ணோடு படித்தால் குழப்பமாகத் தெரிகிற பலதும் நேராகிவிடும்.

முதலில் குடும்பம். இன்றைய பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியின் மேற்குப் பகுதியும் அன்று மெரோவிங்கிய வம்சத்தின் சொத்து. சொத்து என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அப்பா இறந்தால் நாட்டைப் பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொள்வார்கள். 561-இல் முதலாம் குளோத்தார் இறந்தபோது நான்கு மகன்கள்: பாரிஸில் காரிபெர்ட், ஓர்லியானில் குன்ட்ராம், சுவாசோனில் சில்பெரிக், கிழக்கே ரீம்ஸ், மெட்ஸ் பக்கம் சிகிபெர்ட். அந்தக் கிழக்குப் பாகம்தான் பிறகு அவுஸ்திராசியா. சில்பெரிக்கின் மேற்குப் பாகம் நியூஸ்திரியா. குன்ட்ராமுடையது பர்கண்டி. 567-இல் காரிபெர்ட் ஆண் வாரிசில்லாமல் இறக்க, அவர் பங்கையும் மற்ற மூவரும் நகரம் நகரமாகப் பிய்த்துக்கொண்டார்கள். இந்தப் பிய்த்தலில்தான் பாதிச் சண்டைக்கு விதை.

சிகிபெர்ட்டின் தம்பியும் அண்ணன்களும் வேலைக்காரப் பெண்களைக்கூட மனைவியாக்கிக்கொண்டிருந்தார்கள். தனக்கு அது கூடாது, ராஜ வம்சத்துப் பெண்தான் வேண்டும் என்று அவர் ஸ்பெயினை ஆண்ட விசிகோத்து அரசர் அதனகில்டிடம் பெண் கேட்டார். 566-ஐ ஒட்டி மெட்ஸில் கல்யாணம். இத்தாலியிலிருந்து வந்திருந்த கவிஞர் வெனான்ஷியஸ் ஃபார்ச்சுனேட்டஸ் லத்தீனில் மங்கல வாழ்த்துப் பாடினார். தூர் நகர பிஷப் கிரகோரி, இந்தக் காலத்தின் முக்கிய வரலாற்றாசிரியர், பெண் அழகானவர், நடத்தையில் நேர்த்தியானவர், யோசனையில் தெளிவானவர், இனிமையாகப் பேசுபவர் என்று எழுதியிருக்கிறார். கிரகோரியை பிஷப் ஆக்கியதே சிகிபெர்ட்தான், அதனால் இந்தப் பாராட்டைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் வாசிக்க வேண்டும். புருன்ஹில்டா பிறந்த வீட்டின் ஆரிய சமயப் பிரிவை விட்டுக் கத்தோலிக்கரானார். (இந்த 'ஆரிய' என்பது ஏரியஸ் என்ற பாதிரியாரின் பெயரிலிருந்து வந்தது. நம் ஊர் ஆரிய–திராவிடப் பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.)

அண்ணன் வீட்டுக்கு வந்த மருமகளின் சீரைப் பார்த்த சில்பெரிக்குக்கும் ஆசை வந்தது. புருன்ஹில்டாவின் அக்கா கால்ஸ்வின்தாவைக் கேட்டார். பெண் வந்தார், பெரிய செல்வத்தோடு வந்தார். பதிலுக்கு சில்பெரிக் ஐந்து நகரங்களை அவர் பெயருக்கு எழுதினார்: போர்தோ, லிமோஜ், காஓர், பெயார்ன், பிகோர். முதலிரவுக்கு மறுநாள் காலை கணவன் மனைவிக்குக் கொடுக்கும் பரிசும் இதில் சேர்த்தி. அதற்கு மோர்கன்காபே என்று தனிப் பெயரே உண்டு. கொஞ்ச நாளிலேயே கால்ஸ்வின்தா, இங்கே எனக்கு மரியாதை இல்லை, கொண்டுவந்ததை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என்னை ஊருக்கு அனுப்புங்கள் என்று கேட்கும் நிலை. காரணம் ஃப்ரெடெகுண்ட், கீழ்நிலையிலிருந்து வந்த சில்பெரிக்கின் ஆசைநாயகி. ஒரு நாள் காலை கால்ஸ்வின்தா கட்டிலில் பிணமாகக் கிடந்தார். அரசரே ஓர் அடிமையை விட்டு நெரித்துக் கொன்றார் என்கிறார் கிரகோரி. சில நாள் துக்கம் காத்துவிட்டு சில்பெரிக் ஃப்ரெடெகுண்டை மணந்துகொண்டார்.

கதை சொல்பவர்கள் இங்கே பழிவாங்கல் தொடங்கியது என்று எழுதிவிட்டுப் பக்கம் திருப்புவார்கள். நடந்தது வேறு. அண்ணன் குன்ட்ராம் பஞ்சாயத்துப் பேசினார். செத்த பெண்ணின் ஐந்து நகரங்கள் தங்கை புருன்ஹில்டாவுக்குச் சேர வேண்டும் என்று தீர்ப்பானது. கொலைக்கு ஈடு கொடுத்துப் பகையை முடித்துக்கொள்வது பிராங்கியர் வழக்கம்தான். ஆக, புருன்ஹில்டாவின் கைக்கு வந்தது கத்தி இல்லை, பட்டா. அந்தப் பட்டாவை இருபது வருடம் கழித்தும் அவர் மறக்கவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

சகோதரச் சண்டை நிற்கவில்லை. 575-இல் சிகிபெர்ட் கை மிக ஓங்கிவிட்டது. பாரிஸ் அவர் வசம். சில்பெரிக் மனைவி மக்களோடு தூர்னே நகரத்துக்குள் முடங்கிக் கிடக்கிறார். தம்பியின் ஆட்களே சிகிபெர்ட்டை வீத்ரி என்ற இடத்தில் கேடயத்தின் மேல் தூக்கி அரசராக அறிவிக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஃப்ரெடெகுண்ட் அனுப்பிய இரண்டு வேலைக்காரர்கள் ஏதோ மனுக் கொடுக்க வருபவர்கள் போல நெருங்கி, விஷம் தடவிய கத்தியால் இரண்டு விலாவிலும் குத்தினார்கள். ஒரே நாளில் எல்லாம் தலைகீழ்.

புருன்ஹில்டா அப்போது பாரிஸில், குழந்தைகளோடும் கஜானாவோடும். சில்பெரிக் வருவதற்குள் குன்டோவால்ட் என்ற தளபதி ஐந்து வயது மகன் சில்டெபெர்ட்டை ரகசியமாக வெளியே கடத்திக்கொண்டு போய், அந்தக் கிறிஸ்துமஸ் அன்று அவுஸ்திராசியாவின் அரசனாக்கிவிட்டார். தாயைக் கடத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். பிரபுக்களுக்குப் பையன் வேண்டும், பையனின் அம்மா வேண்டாம். சில்பெரிக் வந்து கஜானாவை எடுத்துக்கொண்டு, புருன்ஹில்டாவை ரூவான் நகரத்துக்கும் மகள்களை மோ நகரத்துக்கும் அனுப்பினார்.

அதிகாரம் போய்விட்டது என்று யாரும் நினைக்கும் இடத்தில் புருன்ஹில்டா முதல் பெரிய சூதாட்டம் ஆடினார். சில்பெரிக்கின் முதல் மனைவியின் மகன் மெரோவெக், அப்பா வேறெங்கோ அனுப்ப, இவர் ரூவானுக்கு வந்து புருன்ஹில்டாவைக் கல்யாணம் செய்துகொண்டார். முறைக்கு அவருக்குப் பெரியம்மா! திருச்சபைச் சட்டப்படியும் அது முறைகேடான மணம். நடத்திவைத்தவர் ரூவான் பிஷப் பிரேடெக்ஸ்டேட்டஸ். காதலா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, கணக்கு மட்டும் தெளிவாகத் தெரிகிறது: மகனைப் பிரபுக்கள் வைத்திருக்கிறார்கள், அரச ரத்தமுள்ள ஒரு கணவராவது கையில் இருந்தால் மறுபடி அரசி. சில்பெரிக் பறந்து வந்தார். இருவரும் நகர மதில்மேல் இருந்த, பலகையால் கட்டிய புனித மார்ட்டின் கோயிலில் தஞ்சம் புகுந்தார்கள். கடைசியில் பிரிக்கப்பட்டார்கள். புருன்ஹில்டா அவுஸ்திராசியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். மெரோவெக் மொட்டையடிக்கப்பட்டு, தப்பி ஓடி, எதிரிகள் சூழ்ந்தபோது தன் வேலைக்காரனைக் கொண்டே தன்னைக் கொல்லச் செய்துகொண்டார். பிஷப்புக்கு 577-இல் விசாரணை, நாடுகடத்தல். பின்னால் ஊர் திரும்பிய அவரை 586-இல் அவருடைய கோயிலுக்குள்ளேயே ஃப்ரெடெகுண்டின் ஆள் குத்தினான். இந்தக் கல்யாணத்தில் பிழைத்தவர் புருன்ஹில்டா ஒருவர்தான்.

மெட்ஸுக்குத் திரும்பியதும் ராஜமாதா என்று யாரும் ஆரத்தி எடுக்கவில்லை. பையனை வளர்க்கும் பொறுப்பு கோகோ என்ற பிரபுவிடம். அவர் 581-இல் இறந்ததும் வாண்டெலன் என்பவரிடம். ரீம்ஸ் பிஷப் எகிடியஸ் போன்றவர்கள் சில்பெரிக்கோடு உறவாடிக்கொண்டிருந்தார்கள். அதே 581-ஐ ஒட்டி ஒரு காட்சி. புருன்ஹில்டாவுக்கு விசுவாசமான ஷாம்பேன் தளபதி லூபஸை அழிக்க உர்சியோ, பெர்தெஃப்ரீட் என்ற இரண்டு பிரபுக்கள் படை திரட்டி வந்தார்கள். புருன்ஹில்டா ஆண்மகனைப் போலக் கச்சை கட்டிக்கொண்டு இரண்டு படைகளுக்கும் நடுவே பாய்ந்தார் என்று கிரகோரி எழுதுகிறார். உர்சியோ சொன்ன பதில் முக்கியம்: கணவன் இருந்தபோது ஆண்டது போதும், இப்போது ஆள்வது உன் மகன், அவன் ராஜ்யம் எங்கள் பாதுகாப்பில், உன்னுடையதில் இல்லை, விலகிப் போ, இல்லாவிட்டால் குதிரைக் குளம்பில் மிதிபடுவாய். அவுஸ்திராசிய அரசியல் முழுவதையும் அந்த ஆள் நாலு வரியில் சொல்லிவிட்டார். அன்றைக்குப் புருன்ஹில்டா பேசிப் பேசிச் சண்டையை நிறுத்தினார். லூபஸின் வீடுகள் கொள்ளை போவதைத் தடுக்க முடியவில்லை.

நிலைமை மாறியது 584, 585-இல். 584-இல் சில்பெரிக் ஷெல் என்ற ஊரில் வேட்டை முடிந்து குதிரையிலிருந்து இறங்கும்போது குத்திக் கொல்லப்பட்டார். யார் செய்தது என்பதற்கு அன்றே ஆளுக்கொரு பதில். இப்போது ஃப்ரெடெகுண்டும் விதவை. கையில் சில மாதக் குழந்தை, இரண்டாம் குளோத்தார். பகையாளிகள் இருவரும் ஒரே படகில். அடுத்த வருடம் வாண்டெலன் இறந்தார், சில்டெபெர்ட்டுக்கும் பதினைந்து வயது, பிராங்கியர் கணக்கில் பெரியவன். வாண்டெலன் இடத்துக்கு வேறு யாரையும் நியமிக்கவில்லை, மகனைத் தானே கவனித்துக்கொள்ள வேண்டும் என்று தாய் விரும்பியதால், என்று கிரகோரி போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறார். பத்து வருடக் காத்திருப்பு அந்த ஒரு வரியில் முடிகிறது.

பிறகு வேகம். 587-இல் ரௌகிங் என்ற தளபதி சில்டெபெர்ட்டைக் கொன்று அவர் குழந்தைகளின் பெயரில் ஆளத் திட்டமிட்டது தெரியவந்தது. அவரை அரச அறைக்கு அழைத்துப் பேசிவிட்டு, வெளியே வரும் வாசலில் வெட்டினார்கள். கூட்டாளிகள் யார் என்றால் அதே உர்சியோ, பெர்தெஃப்ரீட். இதில் ஒரு நுணுக்கம். பெர்தெஃப்ரீடின் மகளுக்குப் புருன்ஹில்டா ஞானத்தாய். அந்த உறவைச் சொல்லி, அவனை விட்டு விலகி வா, உயிர் தப்பும் என்று ஆளனுப்பினார். பெர்தெஃப்ரீட் மறுத்தார். உர்சியோ சண்டையில் செத்தார். பெர்தெஃப்ரீட் வெர்டன் பிஷப்பின் சிற்றாலயத்தில் ஒளிய, கூரைமேல் ஏறிய வீரர்கள் ஓடுகளைப் பெயர்த்து எறிந்தே கொன்றார்கள். வன்முறை அந்தக் காலத்தின் வாடிக்கை. புருன்ஹில்டா அதற்கு விலக்கு இல்லை. ஆனால் அவர் முதலில் எடுத்தது உறவு என்ற கருவியைத்தான்.

அதே 587 நவம்பர் 28-இல் ஆந்தெலோ ஒப்பந்தம். இதன் வாசகத்தைக் கிரகோரி முழுவதுமாகப் பிரதி செய்து வைத்திருக்கிறார், நமக்கு அதிர்ஷ்டம். பிள்ளையில்லாத குன்ட்ராமும் சில்டெபெர்ட்டும் ஒருவருக்கொருவர் வாரிசு. அடுத்து வருகிறது நம் பழைய பட்டா: கால்ஸ்வின்தாவின் ஐந்து நகரங்களில் காஓர் உடனே புருன்ஹில்டாவுக்கு, மற்ற நான்கும் குன்ட்ராம் ஆயுள்வரை அவரிடம், பிறகு இவருக்கோ இவருடைய வாரிசுகளுக்கோ. 592-இல் குன்ட்ராம் இறந்ததும் பர்கண்டி முழுவதும் சில்டெபெர்ட்டுக்கு வந்தது. சத்தமில்லாமல் நடந்த மிகப் பெரிய பிடிப்பு இதுதான்.

வெளிநாட்டு உறவுகளில் அவர் கை எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு சோகக் கதை உண்டு. மகள் இங்குண்டை 579-இல் விசிகோத்து இளவரசர் ஹெர்மெனெகில்டுக்குக் கொடுத்தார். அங்கே மாமியார் ஸ்தானத்தில் இருந்தவர் இங்குண்டின் சொந்தப் பாட்டி, அதாவது புருன்ஹில்டாவின் அம்மா கோயிஸ்வின்தா, மறுமணம் செய்து மீண்டும் அரசியானவர். பேத்தி ஆரிய சமயத்துக்கு மாற மறுத்தபோது பாட்டியே முடியைப் பிடித்து இழுத்து அடித்தார் என்று எழுதியிருக்கிறது. ஹெர்மெனெகில்ட் அப்பாவை எதிர்த்துக் கலகம் செய்து 585-இல் கொல்லப்பட்டார். இங்குண்ட் பைசாந்தியர் கையில் சிக்கி வழியிலேயே இறந்தார். அவருடைய குழந்தை அதனகில்ட் கான்ஸ்டான்டினோபிளுக்குக் கொண்டுபோகப்பட்டான். பைசாந்தியப் பேரரசர் மௌரிஸுக்குப் பிராங்கியர்கள் இத்தாலிக்குப் போய் லாம்பார்டுகளை அடிக்க வேண்டும். அதற்கு ஏற்கெனவே சில்டெபெர்ட்டுக்கு 50,000 பொற்காசு கொடுத்திருந்தார். இப்போது கையில் பேரன் வேறு.

புருன்ஹில்டா பேரரசருக்கு எழுதினார், பேரரசிக்கு எழுதினார், அந்தச் சின்னப் பேரனுக்கே எழுதினார். அந்தக் கடிதங்கள் ஒரு தொகுப்பில் மிஞ்சியிருக்கின்றன. பேரனுக்கு எழுதியதில், உன்னில் என் மகள் எனக்குத் திரும்பக் கிடைக்கிறாள், அவள் பெற்ற பிள்ளை உயிரோடு இருந்தால் நான் அவளை முழுதாக இழக்கவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. அரசாங்கக் கடிதம், யாராவது குமாஸ்தா அலங்காரமாக எழுதியிருக்கலாம், பையனோ எழுத்துக் கூட்டும் வயதுகூட வராதவன், வாசிக்கப்போவது மௌரிஸின் அரண்மனை என்பதும் அவருக்குத் தெரியும். எல்லாம் சரி. எனக்கு அந்த வரியை ராஜதந்திரம் என்று மட்டும் ஒதுக்க மனம் வரவில்லை. பையன் திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை.

கடிதம், பரிசு, பிஷப் நியமனம். இந்த மூன்றும்தான் படையில்லாத அரசியின் படை. தங்கமும் ரத்தினமும் இழைத்த ஒரு பெரிய கேடயமும், பொன்னும் மணியும் பதித்த இரண்டு மரத் தட்டுகளும் செய்து ஸ்பெயின் அரசருக்கு அனுப்பியபோது, தன் எதிரிகளின் பிள்ளைகளுக்குத்தான் அவை போகின்றன என்று சந்தேகப்பட்டு குன்ட்ராம் தூதரைப் பாரிஸில் பிடித்து வைத்தார். ஒரு பரிசு இத்தனை பதற்றம் கிளப்பியது என்றால் அதன் எடை புரியும்.

உள்நாட்டு நிர்வாகமும் சும்மா இல்லை. 589-இல் புவாத்தியே நகருக்கு அதிகாரிகள் போய் வரிப் பதிவேட்டைத் திருத்தினார்கள். செத்தவர்கள் பெயரில் இருந்த வரியை விதவைகளும் அநாதைகளும் சுமந்துகொண்டிருந்ததை நீக்கினார்கள். தூர் நகருக்கும் வந்தபோது, எங்கள் ஊருக்கு வரிவிலக்கு என்று பிஷப் கிரகோரி மல்லுக்கட்டி ஜெயித்தார். அதே சமயத்தில் அரண்மனைக்குள் இன்னொரு சதி: அரச குழந்தைகளின் செவிலி செப்திமிமாவும் சில அதிகாரிகளும் சேர்ந்து, சில்டெபெர்ட்டைப் பேசி வசப்படுத்தி அம்மாவையும் மனைவியையும் துரத்தத் திட்டமிட்டார்கள். செவிலியின் முகத்தில் சூடு போட்டு, மார்லென்ஹைம் பண்ணையில் மாவு அரைக்க அனுப்பினார்கள்.

சில்டெபெர்ட் 596-ஐ ஒட்டி இருபத்தைந்து இருபத்தாறு வயதில் இறந்தார். அதற்கு முன் அவர் வெளியிட்ட ஆணையில், காரணமில்லாமல் கொலை செய்தவன் பணம் கட்டித் தப்ப முடியாது, உயிரைத்தான் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அக்காவின் உயிருக்கு ஐந்து நகரம் வாங்கியவரின் மகன் போட்ட சட்டம்! தாயின் கை இதில் இருந்ததா என்று ஆவணம் சொல்லவில்லை. நான் இருந்திருக்கும் என்று நினைப்பவன்.

மறுபடி சின்னப் பையன்கள். பேரன்கள் இருவர்: பெரியவன் தியூடெபெர்ட்டுக்கு அவுஸ்திராசியா, சின்னவன் தியூடெரிக்குக்குப் பர்கண்டி. புருன்ஹில்டா ஐம்பதைக் கடந்த பாட்டி. 597-இல் ஃப்ரெடெகுண்ட் யாரும் கொல்லாமல், தானாகவே இறந்தார். இரண்டு ராணிகளின் சண்டை அன்றோடு முடிந்தது. புருன்ஹில்டாவின் அரசியலோ இன்னும் பதினாறு வருடம் ஓடியது. பழிதான் அவரை இயக்கியது என்பவர்கள் இந்தப் பதினாறு வருடத்தை எங்கே வைப்பார்கள்?

அவர் உச்சம் இந்தக் காலம்தான். ரோமில் போப் முதலாம் கிரகோரி (தூர் பிஷப் வேறு, அவர் 594-இலேயே இறந்துவிட்டார்) இங்கிலாந்துக்கு அகஸ்டினை அனுப்பும்போது 596-இல் புருன்ஹில்டாவின் உதவியைக் கேட்டு எழுதினார். மிஷனரிகள் பிராங்கிய நாட்டைக் கடந்துதான் போக வேண்டும். கென்ட் நாட்டு அரசி பெர்தாவும் வேறு யாருமில்லை, இறந்துபோன காரிபெர்ட்டின் மகள். 601-இல் செய்த உதவிக்கு நன்றி சொல்லி போப் மறுபடி எழுதினார். இலவசமாக இல்லை. ஓத்தான் நகர பிஷப் சயாக்ரியஸுக்கு, பேராயர்களுக்கே உரிய 'பாலியம்' என்ற, தோளில் அணியும் பட்டையைப் புருன்ஹில்டா கேட்டார். போப், முதலில் பிஷப் பதவியைக் காசுக்கு விற்பதை நிறுத்துங்கள், சபை கூட்டுங்கள் என்று நிபந்தனை போட்டார். பட்டை கிடைத்தது, நிபந்தனை இழுத்தடிக்கப்பட்டது. ஓத்தானில் புருன்ஹில்டா கட்டிய ஆண்கள் மடம், கன்னியர் மடம், ஏழைகளுக்கும் பயணிகளுக்கும் ஆன விடுதி மூன்றுக்கும் போப்பின் பாதுகாப்புப் பத்திரம் 602-இல் வந்தது. வேறெந்த பிராங்கிய அரசியும் ரோமோடு இப்படிப் பேரம் பேசி நான் படித்ததில்லை.

ஆனால் 599-இல் அவுஸ்திராசியப் பிரபுக்கள் அவரைத் துரத்தினார்கள். தியூடெபெர்ட் வளர்ந்துவிட்டான், பாட்டி எதற்கு? ஷாம்பேனில் தனியாக அலைந்த அவரை ஓர் ஏழை கண்டு தியூடெரிக்கிடம் கொண்டுபோய்ச் சேர்த்தான், அதற்குக் கூலியாக ஓசேர் பிஷப் பதவி பெற்றான் என்று ஒரு கதை. ஃப்ரெடெகார் என்ற பெயரில் வழங்கும், ஐம்பது அறுபது வருடம் கழித்து எழுதிய, புருன்ஹில்டாவைக் கண்டாலே ஆகாத வரலாற்று நூலில் வருவது. சுவையான கதை. நான் நம்பவில்லை.

பர்கண்டியில் அவர் செய்தது ஒன்றே ஒன்று, அதையே பிரபுக்கள் மன்னிக்கவில்லை: அரசாங்க நிலத்தையும் வருமானத்தையும் மீட்பது. அதற்காக ப்ரொட்டாடியஸ் என்ற ரோமானியக் குடும்பத்து ஆளை அரண்மனை மேயராக்கினார். மேயர் என்றால் நகரசபைத் தலைவர் இல்லை, அரண்மனையின் தலைமை நிர்வாகி. ஃப்ரெடெகார் இவரைப் புருன்ஹில்டாவின் கள்ளக்காதலன் என்கிறார். அப்போது அரசிக்கு வயது அறுபதுக்குப் பக்கம். ஆனாலும் அதே ஆசிரியர் தன்னை அறியாமல் உண்மையைச் சொல்லிவிடுகிறார்: கெட்டிக்காரர், கஜானாவை நிரப்ப ஆள் பார்க்காமல் கறந்தார், பெரிய இடத்துப் பிள்ளைகளை எல்லாம் மட்டம் தட்டினார். 605-இல் தியூடெபெர்ட்டை எதிர்த்துப் படை கிளம்பியபோது, கியெர்சியில் ப்ரொட்டாடியஸ் அரசரின் கூடாரத்தில் வைத்தியர் பீட்டரோடு காய் நகர்த்தி விளையாடிக்கொண்டிருந்தார். வெளியே வீரர்கள் சூழ்ந்துவிட்டார்கள். தடுக்கச் சொல்லி தியூடெரிக் உன்செலன் என்பவரை அனுப்ப, அந்த மனிதர் போய், ப்ரொட்டாடியஸைக் கொல்லும்படி அரசர் உத்தரவு என்று அறிவித்துவிட்டார்! கொன்றார்கள். புருன்ஹில்டா பின்னால் உன்செலனின் ஒரு காலை வெட்டிச் சொத்தைப் பறித்தார்.

புனிதர்களோடு மோதியதுதான் அவர் பெயரை நிரந்தரமாகக் கெடுத்தது. வியன் நகர பிஷப் டெசிடேரியஸ் 603-இல் பதவி நீக்கப்பட்டு, திரும்பி வந்தும் அடங்காததால் 607-இல் கல்லடிபட்டு இறந்தார். அவர் சரித்திரத்தை எழுதியவர் சிசெபுட் என்ற விசிகோத்து அரசர், புருன்ஹில்டாவின் பிறந்த நாட்டுக்காரர். அயர்லாந்துத் துறவி கொலம்பானஸ் லக்சுவீ மடத்தை நிறுவியவர். தியூடெரிக்குக்கு முறையான மனைவி இல்லை, ஆசைநாயகிகள் பெற்ற பிள்ளைகள்தான். ஸ்பெயினிலிருந்து வந்த எர்மென்பெர்காவும் ஒரு வருடத்தில் திருப்பி அனுப்பப்பட்டார். அந்தக் கொள்ளுப்பேரன்களை ஆசீர்வதிக்கச் சொல்லிப் புருன்ஹில்டா கொலம்பானஸ் முன் நிறுத்தினார். இவர்கள் ஒருநாளும் செங்கோல் பிடிக்க மாட்டார்கள், வேசி வீட்டில் பிறந்தவர்கள் என்றார் துறவி. 610-இல் அவர் லக்சுவீயை விட்டுத் துரத்தப்பட்டார். அவர் வாழ்க்கையை எழுதிய யோனாஸ், புருன்ஹில்டாவை பைபிளில் வரும் கொடிய ராணி யெசபேலின் மறுபிறப்பாக்கிவிட்டார்.

அரண்மனைக்குப் புது மருமகள் வந்தால் கிழவியின் செல்வாக்கு போய்விடும், அதனால்தான் பேரனை மணமுடிக்க விடவில்லை என்று யோனாஸ் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். மற்றப் பேரன் தியூடெபெர்ட்டின் மனைவி பிலிக்கில்ட், புருன்ஹில்டாவே வியாபாரிகளிடம் விலைக்கு வாங்கிய அடிமைப் பெண்ணாக இருந்து அரசியானவர். அந்தப் பெண்ணிடமிருந்து இவருக்கு வந்த தூதுகளில் மரியாதை என்று எதுவும் இருக்கவில்லையாம்.

610-இல் தியூடெபெர்ட் அல்சேஸ் பகுதியைத் தம்பியிடமிருந்து பிடுங்கினார். 612-இல் தியூடெரிக் தூல் அருகிலும், பிறகு ட்சூல்பிக் என்ற இடத்திலும் அண்ணனை நொறுக்கினார். தியூடெபெர்ட் பிடிபட்டார், பிறகு கொல்லப்பட்டார். அவருடைய கைக்குழந்தையைக் கல்லில் அடித்துக் கொன்றார்கள். சொந்தப் பேரன், கொள்ளுப்பேரன். இதில் புருன்ஹில்டாவுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் வெற்றி ஒரு வருடம்கூட நிற்கவில்லை. 613-இல் தியூடெரிக் மெட்ஸில் வயிற்றுக்கடுப்பு வந்து இறந்தார். நான்கு மகன்கள், மூத்தவன் சிகிபெர்ட்டுக்குப் பத்துப் பதினோரு வயது.

இங்கே எழுபதை நெருங்கிய புருன்ஹில்டா வம்ச வழக்கத்தையே உடைத்தார். நாட்டைப் பாகம் பிரிக்கவில்லை. மூத்தவன் ஒருவனையே இரண்டு ராஜ்யங்களுக்கும் அரசனாக்கினார். பிரித்துத் தின்று பழகிய பிரபுக்களுக்கு, ஒரே அரசன், அவனுக்குப் பின்னால் இந்தக் கிழவி என்பது தாங்கவில்லை. அவுஸ்திராசியாவில் மெட்ஸ் நகரின் வருங்கால பிஷப் அர்னுல்ஃபும் பிப்பின் என்ற பிரபுவும் ஃப்ரெடெகுண்டின் மகன் இரண்டாம் குளோத்தாரை உள்ளே அழைத்தார்கள். இந்த இருவரின் வழிவந்தவர்தான் பிற்காலப் பேரரசர் சார்லமேன். பர்கண்டியின் மேயர் வார்னகர் ரகசியமாகக் கைமாறினார். படைகள் எதிரெதிரே வந்ததும் புருன்ஹில்டாவின் படை அப்படியே திரும்பி நடந்தது. சண்டையே இல்லை. பையன்கள் பிடிபட்டார்கள். பையன்கள் போன பிறகு அவரிடம் என்ன இருக்கிறது? இன்றைய ஸ்விட்சர்லாந்தில் இருக்கும் ஓர்ப் என்ற ஊரில் அவரைப் பிடித்து, ரெனேவ் கிராமத்தில் குளோத்தார் முன் நிறுத்தினார்கள்.

குற்றச்சாட்டு: பத்து அரசர்களைக் கொன்றது. பட்டியலை ஃப்ரெடெகாரே தருகிறார், படித்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. முதல் பெயர் அவருடைய கணவர் சிகிபெர்ட், கொல்ல ஆளனுப்பியது குளோத்தாரின் அம்மா. அடுத்தது மெரோவெக், அவரை வேட்டையாடியது குளோத்தாரின் அப்பா. தியூடெரிக் பேதியில் செத்தவர். கடைசியில் தியூடெரிக்கின் பிள்ளைகள், அதாவது சில நாட்களுக்கு முன் குளோத்தாரே கொல்லச் சொன்ன பையன்கள். மூன்று நாள் சித்திரவதை செய்தார்கள். ஒட்டகத்தின் மேல் ஏற்றிப் படை முழுவதும் ஊர்வலம். (ஒட்டகமா என்று சந்தேகப்பட வேண்டாம், காலியா என்று அழைக்கப்பட்ட அன்றைய பிரான்சில் ஒட்டகங்கள் இருந்தன, தூர் கிரகோரியும் பொன் சுமந்த ஒட்டகங்களைச் சொல்கிறார்.) பிறகு முடியையும் ஒரு கையையும் ஒரு காலையும் அடங்காத குதிரையின் வாலில் கட்டி ஓட்டினார்கள்.

மறு வருடம், 614 அக்டோபர் 18-இல், குளோத்தார் பாரிஸில் ஓர் ஆணை வெளியிட்டார். ஒரு வட்டாரத்தின் நீதி நிர்வாகிகள் அந்த வட்டாரத்துக்காரர்களாகவே இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. ப்ரொட்டாடியஸ் போன்ற ஆட்கள் மேலிருந்து இனி வரக்கூடாது என்று வாசித்தால் தப்பில்லை. வார்னகருக்கு ஆயுள்வரை மேயர் பதவி, நீக்க மாட்டேன் என்று அரசரே சத்தியம் செய்தார். அடுத்த நூற்றைம்பது வருடத்தில் மேயர்கள் அரசர்களையே விழுங்கினார்கள்.

புருன்ஹில்டாவை ஓத்தானில், அவர் கட்டிய புனித மார்ட்டின் மடத்தில் புதைத்ததாகச் சொல்கிறார்கள். வடக்கு பிரான்சிலும் பெல்ஜியத்திலும் வயல்களின் நடுவே நேர்கோடாகப் போகும் பழைய ரோமானியச் சாலைகளுக்கு இன்றும் 'புரூனோ சாலை' என்றுதான் பெயர். புரூனோ என்பது பிரெஞ்சுக்காரர்கள் அவர் பெயரை உச்சரிக்கும் விதம். சாலைகள் அவர் பிறப்பதற்குப் பல நூறு வருடம் முன்பே போடப்பட்டவை.